சைலன்சருக்காக ஒரு ஜெபம்

சித்தூரில் என் பழைய காரை எங்கள் தெருவே அறியும். அதன் சத்தம் அப்படி. பக்கத்து வீட்டு டீச்சரம்மா இதய ஆபரேஷன் முடிந்து ஓய்விலிருந்தபோது, வாசலுக்கே வந்து கேட்டார்.

"அண்ணா, நீங்க காரை எடுக்கும்போதெல்லாம் நெஞ்சு தூக்கிப் போடுது. கொஞ்சம் பாக்கக்கூடாதா?"

"பழைய வண்டிம்மா. அதோட சைலன்சர் இப்ப எங்கயும் கெடைக்கல" என்றேன்.

அது பொய். சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் தகடுகளை மெக்கானிக்கிடம் வெட்டியெடுக்கச் சொன்னவனே நான்தான். நான் வருவது நாலு பேருக்குக் கேட்க வேண்டும் என்ற ஆசை.

அந்த ஞாயிறு, நாங்கள் இருவரும் போகும் சபையின் ஆராதனையில் போதகர் ஜெப விண்ணப்பங்களைக் கேட்டார். டீச்சரம்மா எழுந்தார்.

"பக்கத்து வீட்டு அண்ணன் காருக்கு சைலன்சர் கெடைக்காம அலைஞ்சிக்கினு இருக்காரு. அதுக்காக ஜெபிக்கணும்."

போதகர் உருக்கமாக ஜெபித்தார். சபையோடு சேர்ந்து நானும் உரக்க ஆமென் சொன்னேன்.

மறுநாளே திருப்பதிக்கு ஓட்டிப்போய், உள்ளே தகடு வைத்த சைலன்சரைப் பொருத்திக்கொண்டு திரும்பினேன். அரை நாள் வேலை.

அடுத்த வாரம் சாட்சி சொல்லும் நேரத்தில் டீச்சரம்மா ஆண்டவருக்கு நன்றி சொல்ல எழுந்தார். நான் முந்திக்கொண்டு எழுந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

வெளியே செருப்பைத் தேடும்போது டீச்சரம்மா அருகில் வந்தார்.

"ஏன்ணா, அரை நாள் வேலைக்கு ஒரு சபையையே முழங்கால் போட வெச்சிட்டீங்களே!"

அவர் சிரித்துவிட்டார். கார் இப்போது பூனை மாதிரி போகிறது. அந்த ஆமென் மட்டும் என்னை இன்னும் உறுத்துகிறது.