முருகவேல் கொடுத்துவிட்டு வந்த கட்டி

செங்கம் ரோட்டில் ஒரு மெஸ்ஸில் பதினெட்டு வருஷமாகப் பரிமாறுகிறவர் முருகவேல். யாருக்கு ரசம் ஜாஸ்தி, யாருக்குக் காரம் கம்மி என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். அப்படிப்பட்டவர் மேல் போன வருஷம் புகார் வர ஆரம்பித்தது. நடுவில் உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு தடவை பொரியல் விழுந்தது. ஓரத்தில் இருந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார்கள்.

"பக்கத்துலயே நின்னு சிரிக்கிறேன், கண்டுக்காம போறாரு. பெரிய மனுசன் ஆயிட்டாரு" என்று மச்சான் காசி ஊரெல்லாம் சொன்னான்.

மனைவி வினோதினிதான் அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் நேரே பார்க்கச் சொல்லி, இரண்டு பக்கமும் விரலை ஆட்டினார். முருகவேலுக்கு ஒரு விரலும் தெரியவில்லை. ஸ்கேனில் விஷயம் வெளிவந்தது. மூளைக்கு அடியில் ஒரு கட்டி, கண் நரம்புகளை அழுத்திக்கொண்டிருந்தது. அபூர்வமானது, புற்றுநோய் இல்லை, ஆனால் எடுத்தே ஆகவேண்டும். வினோதினி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் துணிமணிகளைப் பையில் அடுக்கினாள்.

சென்னையில் ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஆராய்ச்சி செய்யும் டாக்டர் கவியா ஒரு படிவத்தோடு வந்தார். எடுக்கும் கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்டார்.

"அத வெச்சி இன்னா பாப்பீங்க?"

"நோயை எதிர்க்கிற செல்லுங்க சிலது கட்டிக்குள்ளயே போய் உக்காந்திருக்குங்க. அது கட்டியோட சண்டை போடுதா, இல்ல அதுக்கே ஒத்தாசை பண்ணுதான்னு தெரியணும். இன்னொண்ணு, ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள தேஞ்சுபோனதைத் தானே செரிச்சு, அதுலருந்து புதுசு பண்ணிக்கும். கட்டியில அந்த வேலை எப்படி நடக்குதுன்னும் பாக்கறோம்."

முருகவேல் யோசித்தார். "எங்க மெஸ்ஸுலயும் மிஞ்சின இட்லி உப்புமா ஆவுதுங்க."

கவியா சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட அதேதாங்க."

"அப்ப முழுசாவே எடுத்துக்கோங்க. திருப்பித் தர வேணாம்" என்று கையெழுத்துப் போட்டார்.

மூக்கு வழியாகவே ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்ததும் தலையைத் திருப்பாமலே, "இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் படுத்திருக்காங்க" என்றார். வினோதினி மறுபடி அழுதாள். இது வேறு அழுகை. கட்டி ஹார்மோன் சுரப்பியை ஒட்டி இருந்ததால், ஆயுளுக்கும் ஹார்மோன் மாத்திரை உண்டு என்றார்கள். இரண்டு மாதத்தில் மெஸ்ஸுக்குத் திரும்பினார்.

ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது, தன் கட்டியைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். கவியா மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். இளஞ்சிவப்புத் திட்டுகளுக்கு நடுவே பழுப்புப் புள்ளிகள். நோயை எதிர்க்கிற அந்தச் செல்கள்தான் அவை.

"இவங்க நம்ம கட்சியா, அந்தக் கட்சியா?"

"இன்னும் தெரியலைங்க. உங்களுதை மாதிரி நிறைய பேரோடது பாக்கணும். வருஷக்கணக்கா ஆகும். மருந்து வருமான்னும் இப்பவே சொல்ல முடியாது."

உண்மையைச் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. "நிதானமா பாருங்க. ரத்தம் கித்தம் வேணும்னா கூப்புடுங்க, வந்துடறேன்."

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. இருவரும் மெரினாவுக்குப் போனார்கள். வினோதினி கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதல் அலையே அவளுடைய ஒரு செருப்பை இழுத்துக்கொண்டது. முருகவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்தினார். கரையில் நின்றவர்கள் கை தட்ட, முழங்கால் வரை நனைந்து, செருப்போடு திரும்பி வந்தார்.