துவக்குக்கு ஒரு கண்ணாடி

துவக்கைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கந்தப்பளைக்கு மேலே, தேயிலை மலை முடிகிற இடத்தில், உருளைக்கிழங்கும் கரட்டும் போட்டிருக்கிறேன். பயிர்க்காவலுக்கென்று லைசன் எடுத்த ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று என்னிடம் உண்டு. காட்டுப்பன்றி ஒரு தடவை இறங்கினால் போதும், நாம் மண்வெட்டி பிடித்துச் செய்த வேலையையெல்லாம் அது மூக்காலேயே கலைத்துவிட்டுப் போய்விடும். அதை எங்கே பார்த்துச் சுட வேண்டும், எவ்வளவு கிட்டத்தில் வரவிட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

கோளாறு துவக்கில் இல்லை, என் கண்ணில்தான். குறி பார்ப்பதற்கென்று குழலின் நுனியில் மிளகளவு பித்தளைக் குமிழ் ஒன்று இருக்கும். வயது ஏற ஏற அது எனக்கு மங்கிக்கொண்டே வந்தது. பன்றி நன்றாகத் தெரியும், குமிழ் தெரியாது. மூக்குக் கண்ணாடியைப் போட்டால் குமிழ் பளிச்சென்று தெரியும், பன்றி கரைந்துபோகும்.

இதைக் கேள்விப்பட்டு, கொழும்பில் வேன் ஓட்டும் என் மச்சினன், மனைவியின் தம்பி, ஒரு குறிக்கண்ணாடியோடு வந்து இறங்கினான். துவக்கின் முதுகில் பூட்டுகிற நீளமான குழாய். ஃபோனில் வேட்டை வீடியோ பார்த்தே வேட்டைக்காரனாகிவிட்டவன் அவன்.

"மச்சான், இதுல பாத்தீங்கன்னா பன்னியோட மீசைய எண்ணலாம்."

"மீசைய எண்ணி என்னா மாப்புள செய்யப் போறோம்?"

கிண்டல் செய்தேனே தவிர, கண்ணில் வைத்துப் பார்த்ததும் இறக்க மனம் வரவில்லை. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு. அந்தக் கோடும் எதிர்மலையின் சவுக்கு மரமும் ஒரே தெளிவில் தெரிந்தன. என் கண்ணுக்கு அது பெரிய வரம். பூட்டிவிடுவோம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால் பழகாத சாமானைத் துவக்கில் ஏற்றுகிற வழக்கம் என்னிடம் இல்லை. முதலில் கண்ணாடியை மட்டும் எடுத்துப்போய், பன்றி இறங்குகிற காலை வெளிச்சத்தில் பார்ப்பதென்று முடிவானது. துவக்கு வீட்டிலேயே கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் தோட்டத்து மேட்டில் உட்கார்ந்தோம். மூடுபனி பாத்திகளுக்கு மேல் வருவதும் விலகுவதுமாக இருந்தது. கண்ணாடி அவன் கையில் இருந்தது. திடீரென்று என் தொடையை அழுத்தினான்.

"அசையாதீங்க மச்சான். பன்னி. நல்ல பெருசு."

"எங்க?"

"கீழ் வரம்புல. மூஞ்சிய மண்ணுல வச்சுக் கிண்டுது. சரியா கோட்டுக்கு நடுவுல நிக்கிது. கையில துவக்கு மட்டும் இருந்திருந்தா…"

நான் வெறும் கண்ணால் பார்த்தேன். கறுப்பாக ஒன்று குனிந்து அசைந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைச் சாக்கு கிடந்தது. அந்தக் கறுப்பிலிருந்து ஒரு கை நீண்டு, ஒரு பிடி புல்லை முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டிச் சாக்குக்குள் போட்டது. அட்டை உதிர வேண்டுமென்று அப்படித் தட்டுவது என் மனைவியின் வழக்கம். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் ஈரம் படாமலிருக்க இடுப்பில் கறுப்பு பிளாஸ்டிக் படங்கு கட்டுவார்கள். தூறினாலோ பனி இறங்கினாலோ முதுகிலும் இன்னொன்றைப் போட்டுக்கொள்வார்கள். அவள் அந்தக் கோலத்திலேயே, காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் மாட்டுக்குப் புல் அறுப்பாள். எப்போதும் ஓடைப் பக்கம் போகிறவள் அன்றைக்குக் கீழ் வரம்புக்கு வந்திருந்தாள்.

"கோடு எந்த எடத்துல நிக்கிது?"

"தோளுக்குக் கொஞ்சம் பின்னால."

"அது ஒன் அக்கா, மாப்புள."

அவன் சிரித்தான். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது. நான் அதை வாங்கிக் கண்ணில் வைத்தேன். அவள்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த வட்டத்துக்குள் எனக்கும் பன்றிதான் தெரிந்தது. சாக்கு வட்டத்துக்கு வெளியே போய்விட்டது, கை மறுபக்கம் மறைந்துவிட்டது, மிச்சமிருந்தது ஈரத்தில் மினுங்குகிற ஒரு கறுப்பு முதுகு. முந்தின நாளே பூட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கக்கூட நான் விரும்பவில்லை.

அவள் சாக்கோடு மேலே ஏறி வந்தாள். "என்னங்க, ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

மச்சினன்தான் விஷயத்தைச் சொன்னான். சொன்னதோடு நிற்காமல் ஒரு யோசனையும் கொடுத்தான். "அக்கா, இனிமே நீங்க செவப்புக் கோட்டு போட்டுக்கங்க."

எனக்கு வந்ததே கோபம். "இந்த மலையில எல்லாப் பொம்பளைங்களும் படங்குதான் கட்டுறாங்க. அத்தன பேருக்கும் நீ கோட்டு வாங்கித் தருவியா? கண்ணு எனக்குத்தானே கோளாறு?" என்று சத்தம் போட்டேன். அவள் படங்கை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுப் பெரட்டுக்குக் கிளம்பினாள்.

கண்ணாடியை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான், பிறகு சரியாகிவிட்டான். ஹட்டனில் மூக்குக் கண்ணாடி செய்கிறவரிடம் பன்றியும் குமிழும் ஓரளவுக்குச் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று சொல்லிச் செய்தேன். பித்தளைக் குமிழைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று பொருத்தி, மகள் நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸைப் பூசினேன். ரோஸ் நிறம், கொஞ்சம் அசிங்கம்தான். ஆனால் பனியிலும் தெரிகிறது, குமிழைச் சுற்றி உலகமும் தெரிகிறது. என் துவக்குக்கு இதைவிட நல்ல குறி கிடையாது.

இன்னொன்றும் பழகிக்கொண்டேன். பனிக்குள் கறுப்பாக எது அசைந்தாலும், துவக்கைத் தொடுவதற்கு முன் "யாரது?" என்று உரக்கக் கேட்பேன். பன்றி என்றால் ஓடிவிடும். மச்சினன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும். போன மாதம் ஒரு காலை, மேல் வரம்பில் ஏதோ அசைந்தது. மூக்குக் கண்ணாடி, ரோஸ் குமிழ் எல்லாம் இருந்தும் அது பன்றிதான் என்றே எனக்குப் பட்டது. வழக்கம்போலக் கேட்டேன்.

"நாந்தாங்க" என்றாள்.