நான் திருப்பிய தகடு

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் மாமல்லபுரம் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் எங்களுக்கு வேலை. சமையலறைப் புகையை இழுக்கும் குழாய்களில் காற்றை அளந்து, எல்லா அடுப்புக்கும் சரியாகப் பங்கிட வேண்டும். எனக்கு எட்டு வருட அனுபவம். உடன் வேலை பார்த்த ஸ்டெல்லாவுக்கு ஒரு வருடம்தான். நான் மூன்று நாள் திணறியதை அவள் ஒரே காலையில் முடித்தாள். எஞ்சினியர் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் சாப்பிடப் போனதும், மீன் வறுக்கும் அடுப்புக்கு மேலுள்ள குழாயில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகட்டைத் திருப்பிப் பாதி மூடிவிட்டேன்.

மதியம் சோதனைக்காக மீன் வறுத்தார்கள். மிளகாய் நெடியோடு புகை சமையல் மாஸ்டரின் முகத்தில் அடித்தது. "இன்னாம்மா இது, மூச்சு வுட முடியல!" என்று இருமிக்கொண்டே அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏணியில் ஏறிப் பார்த்த ஸ்டெல்லா, தகட்டின் நிலையைக் குறிக்கத் தான் காலையில் வைத்திருந்த, இன்னும் காயாத சிவப்பு பெயிண்ட் கலைந்திருப்பதைக் கண்டாள். என் விரல்களிலும் அதே சிவப்பு.

"அண்ணா, கைய தொடச்சிக்கோ. சார் வந்துகினு கீறாரு," என்று துணியை நீட்டினாள். எஞ்சினியரிடம், "நான்தான் சரியா முடுக்கல சார்," என்றாள். அவர் அவளைத் திட்டித் தீர்த்தார். நான் சிவப்புக் கறை படிந்த துணியைப் பைக்குள் திணித்தேன்.

அவள் திறமையின் மேல் எனக்கிருந்த பொறாமை அன்றே போய்விட்டது. அந்த மனசு எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்ற பொறாமை மட்டும் இன்னும் இருக்கிறது.