தோரா மீனின் தொண்டைக்குள் ஒரு தையல்

இன்று கண்டி மார்க்கெட்டில் குழம்புக்குத் தோரா மீன் தலை வாங்கினேன். மீன்கடை நானா அதைப் பிளந்தபோது, தொண்டைக்குள் ஒரு சின்ன மீன் இருந்தது.

அதன் வயிற்றுக்கடியில் தூண்டில் முள் எட்டிப்பார்த்தது. வாயை யாரோ நூலால் தைத்திருந்தார்கள், ஒரு சுருக்கமும் இல்லாமல்.

"நானா, இத யாரு தைச்சது?"

"போட்டுக்காரங்க, தங்கச்சி. போட்டுக்குப் பின்னால கட்டி இழுக்கிற இரை இது. வாயத் தைக்காட்டி தண்ணி பூந்து சுத்தும். நேரா போனாத்தான் தோரா அத உசிரோட ஈக்கிதெண்டு நம்பும்."

செத்த மீனைக் கடலில் நீந்த வைத்த தையல்! இவ்வளவுக்குப் பிறகும் ஒரு இழை பிரியவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் சாரி பிளவுஸ் மூன்றாவது முறையாகத் திருத்தத்துக்குப் போயிருக்கிறது. அந்தப் போட்டுக்காரரை யாருக்காவது தெரியுமா?