சத்தமில்லாத வியாழக்கிழமை

எங்கள் அம்மா இறந்த பிறகு தங்கைக்குத் தாய்வீடு என்றால் ஆரணியில் இருந்த என் வீடுதான். அவள் தேசூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முதல் பிரசவத்துக்கு அவளை நான்தான் அழைத்து வர வேண்டும். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வருகிறேன் என்று வளைகாப்பு அன்று அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தேன்.

என் வீட்டுக்காரர் பட்டுப்புடவைக் கரைக்கும் முந்தானைக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவர். அந்த வேலைக்காகத்தான் இணைய இணைப்பு வாங்கினோம். அவர் எழுந்து சாப்பிடப் போகும் நேரங்களில் நான் உட்காருவேன். கல்லூரித் தோழிகளைத் தேடித்தான் முதலில் ஒரு நட்புத் தளத்தில் கணக்குத் தொடங்கினேன். கடலுக்கு அந்தப் பக்கம் போர் முற்றிய மாதங்கள் அவை. அந்தத் தளத்தில் நான் சேர்ந்திருந்த குழுவில் தினமும் படங்கள் போட்டார்கள். குழந்தைகளின் படங்கள். என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. படங்களுக்குக் கீழே, போரை நிறுத்தச் சொல்லி இங்கே எந்த ஊரில் மறியல், எங்கே பஸ் மீது கல் விழுந்தது என்று ஆளாளுக்கு எழுதுவார்கள். யார் எழுதியது, உண்மையா என்று கேட்கத் தோன்றாது. படித்துக்கொண்டே இருப்பேன். சாதம் குழைந்து அடிப்பிடிக்கும்.

தங்கையை அழைத்து வரக் குறித்த முதல் நாளன்று, வந்தவாசி ரோட்டில் பஸ்ஸை மறிக்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் போகவில்லை. மாலையில் அந்த வழியாக வந்த நூல் வியாபாரி, ரோடு காலியாகக் கிடந்தது என்றார். அடுத்த வாரமும் இதே கதை. தங்கை போனில் சிரித்தாள். "நீ வர்றதுக்குள்ள புள்ள நடந்தே ஆரணிக்கு வந்துடும்க்கா."

ஒருநாள் மகன் கீழே விழுந்து அழுதிருக்கிறான். நான் திரையைப் பார்த்துக்கொண்டே அவன் முதுகைத் தட்டிக்கொடுத்திருக்கிறேன். நெற்றியில் ரத்தம் வந்ததை என் மாமியார்தான் பார்த்தார்.

"இன்னாடி இது பேஜாரு. புள்ள நெத்தி ஒடஞ்சி நிக்கிறான், நீ எந்த ஊர் சண்டைய பாத்துகினு இருக்க?"

அன்றே கணக்கை மூடினேன். குறுஞ்செய்தி வருகிறது என்று செல்போனையும் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். "தங்கச்சி போன் பண்ணா மட்டும் குடுங்க. கலாட்டா சேதி எதுவும் என் காதுக்கு வர வேணாம்" என்றேன். அவர் தலையாட்டினார். டிவியில் செய்தி வந்தால் மாமியார் எழுந்து போய்ச் சானலை மாற்றினார். வீட்டில் எல்லோரும் எனக்குப் பத்தியம் காத்தார்கள்.

பத்து நாளில் சரியாகிவிட்டேன். பசி எடுத்தது. மகனோடு விளையாடினேன். வரும் திங்கட்கிழமை தேசூர் போவது என்று முடிவு செய்தேன். இந்த முறை பயமே இல்லை.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் பழைய வாயில் புடவைகளை வெந்நீரில் அலசிக் காயவைத்து, குழந்தைக்குத் துணியாகக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தேன். தெரு அமைதியாக இருந்தது. பஸ் ஹாரன்கூடக் கேட்கவில்லை. மனம் அடங்கிவிட்டதால்தான் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்குக் கடையடைப்பு. பஸ் ஓடவில்லை. எனக்கு மட்டும் தெரியாது.

மாலை ஆறு மணிக்கு வீட்டுக்காரர் வந்து என் எதிரே உட்கார்ந்தார். "பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார். அதன் பிறகுதான் மற்றதைச் சொன்னார். நாள் இருக்கும்போதே, காலை ஒன்பது மணிக்குத் தங்கை போன் செய்திருக்கிறாள். இடுப்பு வலிக்கிறது, அக்காவை வரச் சொல்லுங்கள் என்று. அவள் கணவர் சென்னையில் வேலையில் இருந்தார். பக்கத்து வீட்டு அம்மாதான் ஒரு ஆட்டோக்காரரைக் கெஞ்சி அவளை வந்தவாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

"ஏன் எங்கிட்ட சொல்லலீங்க?"

"பஸ்ஸு இல்ல. சொன்னா நீ பதறுவ. நீதான எதுவும் சொல்ல வேணாம்னு சொன்ன. சாயந்தரம் பஸ்ஸு வுட்டதும் கூட்டிகினு போலாம்னு இருந்தேன்."

"வாசல்ல வண்டி நிக்குதே."

இன்றுவரை அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று காலை அவர் வந்து சொல்லியிருந்தால், கடையடைப்பு நாளில் அந்த ரோட்டில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து நான் போயிருப்பேனா? போயிருப்பேன் என்று சில நாள் தோன்றுகிறது. மகனைக் காரணம் காட்டி நின்றிருப்பேன் என்று பல நாள் தோன்றுகிறது.

பஸ் விட்டதே மறுநாள் காலைதான். முதல் பஸ்ஸில் வந்தவாசி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ் எங்கேயும் நிற்காமல் சாதாரணமாக ஓடியது. குழந்தை பக்கத்து வீட்டு அம்மாவின் பூத்துண்டில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் கொண்டுபோன துணிகளைத் தங்கை வாங்கித் தலைமாட்டில் வைத்தாள்.

"ஏன்டி, இன்னொரு தடவ போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"மாமா சொன்னாருக்கா, இப்பதான் நீ நிம்மதியா இருக்கேன்னு. அதான் பண்ணல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைத் தட்டிக்கொடுப்பதுபோலச் சொன்னாள்.

கணக்கை நான் திரும்பத் திறக்கவில்லை. மூடியது தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. மகன் நெற்றியில் அந்தத் தழும்பு இருக்கிறது. ஆனால் ஊர்ச் சண்டையைக் கதவுக்கு வெளியே நிறுத்தச் சொன்னவள், யாரையெல்லாம் உள்ளே விட வேண்டும் என்று சரியாகச் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்துத் தங்கை மறுபடி முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதமே வந்து அழைத்துப்போகிறேன் என்றேன்.

"பாக்கலாம்க்கா. அப்ப ஊரு எப்பிடி இருக்குதோ" என்று சிரித்தாள்.

அந்தப் பிரசவத்துக்கும் அவள் தேசூரிலேயே இருந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மா கூட இருந்தாராம்.