சவுக்கங்காட்டில் இறங்கி நடக்கிற இடம்

அடைக்கலநாதன் அண்ணையைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் முதலில் அவருடைய ஹோர்னைப் பற்றித்தான் சொல்லவேண்டும். கறுப்பு றப்பர்க் குமிழ் வைத்த பித்தளை ஹோர்ன். இருபத்தெட்டு வருஷம் அதை அமத்தித்தான் மீன் விற்றார். மணற்காட்டில் பிறந்த கடற்காரன் மகன், ஆனால் வள்ளத்தில் கால் வைத்தால் சத்தி எடுப்பார். ஊரே சிரித்தது. கடல் சரிவராது என்று தெரிந்ததும் மீன்பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, விடியற்காலையில் சவுக்கங்காட்டுக்குள்ளால் குறுக்கே போய், உள்ளூர் ஒழுங்கைகளில் விற்றுவிட்டு வருவார். இரண்டு பெண்பிள்ளைகளை அப்படித்தான் கரைசேர்த்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் எங்களோடு சேர்ந்தபோது பெட்டியைக் கழற்றினார், ஹோர்னைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். கியர் வைத்த புதுச் சைக்கிளில் மீன்கார ஹோர்ன். பார்க்கச் சகிக்காது. சொல்லிப் பார்த்தேன், காதில் விழாதமாதிரி இருந்தார்.

எங்களோடு என்றால், உடுவிலைச் சேர்ந்த நானும் என்னோடு படித்த இரண்டு பேரும். சைக்கிளில் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கென்று காட்டுக்குள் கிடந்த பழைய தடங்களைத் தொடுத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்ப் பாதை ஒன்று ஆக்கினோம். சவுக்கு, பாலைப் பற்றை, மணலில் பாதி புதைந்த பழைய கோயில், பாதையை விட்டுத் தள்ளி முருகைக்கல் கட்டின தூர்ந்த கிணறு. ஒல்லாந்தர் காலத்துக் கிணறு என்பார்கள், நான் கூட இருந்து கட்டவில்லை. மோட்டார்ச் சைக்கிளும் நுழையாதபடி இரண்டு தலைப்பிலும் கொங்கிறீற்றுத் தூண் நட்டோம். ‘ஒரு வாகனச் சத்தமும் இல்லாத பன்னிரண்டு கிலோமீற்றர்’ என்று துண்டுப்பிரசுரத்தில் எழுதியவள் நான்தான். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அண்ணை முன்னுக்குப் போவார், நான் கடைசியில் வருவேன். எனக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக்கூடாது என்பதுதான் சட்டம்.

பாதையில் ஓர் இடத்தில் மட்டும் எல்லாரும் இறங்கவேண்டும். இரட்டைப் பாலை மரத்தடியில் தடம் இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால் உக்கின பனங்குற்றிகள் இரண்டு பக்கமும் கிடக்கும், நடுவில் ஓராள் போகிற வழி. அங்கே வந்ததும் அண்ணை கையை உயர்த்துவார். “பூமணல், ரயர் புதையும், இறங்கி உருட்டுங்கோ.” குற்றிகளைத் தாண்டி ஐம்பது யார் தூரம் போகும்வரை நடப்பார். வெள்ளைக்காரரும் நடப்பார்கள், கொழும்புப் பெடியளும் நடப்பார்கள், நானும் மூன்று வருஷம் நடந்தேன். கீழே குனிந்து பார்க்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

போன ஆவணியில் ஏழு பேர் வந்தார்கள். அதில் சிவரூபன் என்பவர் நோர்வேயிலிருந்து மகள் நிவேதனாவோடு வந்திருந்தார். அறுபத்தொரு வயது. தொண்ணூற்றேழில் நாட்டை விட்டுப் போகும்வரை இந்தப் பக்கத்து ரியூட்டரிகளுக்குச் சைக்கிளில் போய்க் கணக்குப் படிப்பித்தவராம். கியர்ச் சைக்கிள் வேண்டாம், பார் வைத்த பழைய சைக்கிள்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். சீனி வருத்தம். காலையில் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு இடியப்பத்தோடு எழும்பிவிட்டார் என்று மகள் என்னிடம் முறையிட்டாள். அவருடைய குளுக்கோசும் ரெலிபோனும் அவளுடைய பையில் இருந்தன.

இரட்டைப் பாலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண்ணுடைய செயின் கழன்றது. நான் நின்று மாட்டிக் கொடுத்தேன். சிவரூபனும் என்னோடு நிற்கப் பார்த்தார். நீங்கள் போங்கோ, நாங்கள் வாறம் என்று கையைக் காட்டி அனுப்பியது நான்தான். 

புதைந்த கோயிலடியில் இளைப்பாற நின்றபோது எண்ணினேன். ஆறு பேர். திரும்ப எண்ணினேன், அதே ஆறு. எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, முன்னாலும் சிவரூபன் இல்லை. நிவேதனா மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து நாற்பது.

“அக்கா, அப்பாக்கு இப்ப சீனி இறங்கத் தொடங்கியிருக்கும். கூடினால் ஒரு மணித்தியாலம்” என்றாள். அவள் அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மற்றவர்களைக் கோயிலடியில் இருத்திவிட்டு அண்ணையும் நானும் நிவேதனாவும் வந்த வழியே திரும்பினோம். அண்ணை முன்னுக்கு, பேய் மாதிரி மிதித்தார். பனங்குற்றிகள் வந்தன. மனிசன் இறங்கினார். இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நடந்தார். விலத்திப் போக வழியில்லை, நாங்களும் இறங்கவேண்டியதாயிற்று. எனக்குத் தலைக்குமேல் ஆத்திரம் வந்தது. ஒரு ஆள் அங்கே சாகக் கிடக்கிறார், உங்களுக்கு நடை கேட்குதோ என்று கத்திவிட்டேன்.  குற்றிகள் முடிந்ததும் ஏறி மறுபடி அதே வேகத்தில் மிதித்தார்.

இரட்டைப் பாலையடியில் நின்று கூப்பிட்டோம். சத்தத்தைச் சோளகக் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. மணலில் எங்களுடைய ரயர்த் தடங்களே பாதி மூடிவிட்டன. இடதுபக்கம் எங்கள் மஞ்சள் அம்புக்குறி, கண் தெரியாதவனுக்கும் தெரிகிற பெரிய அம்புக்குறி. வலதுபக்கம் ஈச்சம்பற்றை மூடின ஒற்றையடித் தடம், அதில் நாய்கூடப் போவதில்லை. அப்படியானால் அவர் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே போயிருக்கவேண்டும் என்று நான் சொன்னேன். எட்டுக் கிலோமீற்றர். நானே போகிறேன் என்று சைக்கிளையும் திருப்பிவிட்டேன்.

அண்ணை நிவேதனாவைப் பார்த்தார். அப்பா எந்த ஆண்டில் வெளிநாடு போனவர் என்று கேட்டார். அவள் சொன்னாள். அந்த நேரம் இந்தப் பாதையாலும் படிப்பிக்கப் போனவரோ என்றார். போயிருப்பார், இந்தக் காட்டைப் பற்றி வீட்டில் கதைக்கிறவர் என்றாள்.

“அப்ப உவர் நேரை போயிருக்கமாட்டார்” என்றார் அண்ணை.

அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. பற்றையை விலக்கிக்கொண்டே சொன்னார். அந்தப் பனங்குற்றிகள் சண்டைக் காலத்துச் சென்ரி, துவக்கோடு நின்று ஆட்களை மறித்துச் சோதித்த இடம். அங்கே இறங்கி, நடந்து, காட்ட வேண்டியதைக் காட்டித்தான் போகவேண்டும். போகப் பயந்த ஆம்பிளையள் எல்லாரும் இந்தப் பாலையடியில் வலதுபக்கம் திரும்பி, மணல் திட்டிக்குப் பின்னால் சுற்றி, கிணற்றடியால் போய் ஏறுவார்கள். அண்ணையும் ஒருநாள் மீன்பெட்டியோடு அப்படிச் சுற்றப் பார்த்தார், பிடிபட்டார். குற்றியடியில் பொழுது சாயும்வரை முழங்காலில் இருத்தினார்கள். பெட்டிக்குள் மீன் நாறியது. அதற்குப் பிறகு ஒருநாளும் சுற்றவில்லை, ஒருநாளும் இறங்காமல் போகவுமில்லை.

“வாத்தியாருக்கு உங்கடை அம்புக்குறி எங்கை தெரியப்போகுது, பிள்ளை. கை தானாத் திருப்பியிருக்கும்.”

நாங்கள் இரண்டு பேரும் சைக்கிள்களைப் பாலையடியில் விட்டோம், அண்ணை தன்னுடையதை உருட்டிக்கொண்டு முன்னுக்குப் போனார். ஈச்சமுள் காலைக் கிழித்தது. பழைய தடம் கொஞ்சத் தூரத்தில் மணலுக்குள் அழிந்துபோயிற்று, நாலு பக்கமும் ஒரே பற்றை. மணி பதினொன்று இருபது. அப்போது அண்ணை ஹோர்னை அமத்தினார். நின்று காது கொடுத்தார். திரும்ப அமத்தினார். எத்தனை தரம் கழற்றச் சொல்லியிருப்பேன் அந்த ஹோர்னை.

நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ, காற்றுக்குள்ளால் ஒரு சைக்கிள் மணி கேட்டது. ஒரே ஒரு கிணிங். நிவேதனா ஓடத் தொடங்கினாள்.

தூர்ந்த கிணற்றின் முருகைக்கல் கட்டில் முதுகைச் சாய்த்துக் கிடந்தார். சைக்கிள் மேலே விழுந்திருந்தது, பெருவிரல் மணியில் இருந்தது. சேட்டு முழுக்க வியர்வை, ஒரு கணுக்கால் வீங்கியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் மகளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் கொடுக்கப் போன என் கையை அவள் தட்டிவிட்டாள். புரைக்கேறும் என்றாள். குளுக்கோசைக் குழைத்துக் கன்னக் கொடுப்புக்குள் வைத்துத் தேய்த்தாள், கொஞ்சம் கொஞ்சமாக, அப்பா, அப்பா என்று சொல்லிச் சொல்லி. பத்து நிமிஷம் கழித்து விழுங்கினார். மகளின் பெயரைச் சொன்னார். பிறகு கண் மறுபடி சொருகத் தொடங்கியது.

எனக்கு ரெலிபோனில் ஒரு கோடுகூட இல்லை. அம்புலன்ஸ் வந்தாலும் தூணடி வரைதான் வரும், பன்னிரண்டு கிலோமீற்றருக்கு ஒரு வாகனமும் நுழையாதபடி நாங்கள்தானே செய்து வைத்திருக்கிறோம். அந்த வரியை எழுதின கையை அப்போது வெட்டலாம்போல இருந்தது. கிட்டின தலைப்பு நாலு கிலோமீற்றர். கிணற்றுக்கு அப்பால் தடம் இல்லை, பாலையடிக்குத் திரும்பிச் சென்ரிப் பாதையால்தான் போகவேண்டும்.

அண்ணை தன்னுடைய சைக்கிளைப் பற்றைக்குள் போட்டார். புதுச் சைக்கிள்களில் பார் சரிந்து கிடக்கும், ஆளை இருத்த ஏலாது. வாத்தியாரின் பழைய சைக்கிளை நிமிர்த்தினார். ஆளையும் சைக்கிளையும் பாலையடி வரை மூன்று பேருமாகத் தூக்கியும் இழுத்தும் கொண்டுவந்தோம். அங்கே வாத்தியாரைப் பாரில் இருத்தி, இரண்டு கையாலும் அணைத்து ஹாண்டிலைப் பிடித்தார். நானும் நிவேதனாவும் பின்னாலிருந்து தள்ளி எடுத்துக் கொடுத்தோம். ஐம்பத்தெட்டு வயது மனிசன், எழுபது கிலோ ஆளை வைத்துக்கொண்டு மணலில். நின்றால் திரும்ப எடுக்க ஏலாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

பனங்குற்றிகள் தெரிந்தன. வாத்தியார் அரை மயக்கத்தில் நெளிந்தார்.

“சென்ரி வருது. இறங்கண்ணை, இறக்கி நடத்துங்கோ.”

அண்ணையின் கால் நின்றது. பின்னால் வந்த நான் வடிவாகப் பார்த்தேன். மிதி பாதியில் நிற்க, இடதுகால் பெடலை விட்டுக் கீழே வந்தது. சைக்கிள் ஆடிக்கொண்டு ஒரு பக்கம் சரிந்தது.  இறங்கினால் முடிந்தது. அவருடைய பிடரி நனைந்து மின்னியது.

“அங்கை ஒருத்தரும் இல்லை, வாத்தி. இருங்கோ” என்றார்.  யாருக்குச் சொன்னாரோ தெரியாது. கால் திரும்ப மேலே போனது. ஒரு மிதி, இரண்டு மிதி. குற்றிகளுக்கு நடுவால் இறங்காமல் போனார்.

நானும் இறங்காமல் போனேன். அப்போதுதான் தெரிந்தது, ரயர் புதையவே இல்லை. கீழே பூமணலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சென்ரிக்காக அந்த நாளில் கொட்டி இறுக்கின கிறவல், சீமெந்து நிலம்போலக் கிடந்தது. காடு முழுக்க அதைவிட நல்ல பாதை கிடையாது. அதில்தான் மூன்று வருஷமாகச் சனத்தை இறக்கி நடத்தியிருக்கிறோம்.

கோயிலடி தாண்டினதும் ரெலிபோன் பிடித்தது. தூணடிக்குப் போய்ச் சேர அம்புலன்ஸும் வந்தது. வாத்தியார் தப்பினார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, ஏன் அந்தப் பக்கம் திரும்பினார் என்று மகள் கேட்கிறாள், தனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றார். அண்ணை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலடியில் கனநேரம் இருந்தார். வெளியே வரும்போது நான் அவரைக் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன். எப்ப கத்தினனீ என்றார்.

அடுத்த கிழமை வேறு ஆட்கள் ஐந்து பேர் வந்தார்கள். காற்று விழுந்திருந்தது. இரட்டைப் பாலை தாண்டியதும் முன்னுக்குப் போகிறவரின் கையையே பார்த்துக்கொண்டு போனேன். கை உயரவில்லை. குற்றிகளுக்கு நடுவால் ஹோர்னை ஒருதரம் அமத்திக்கொண்டு போனார். பின்னால் ஐந்து பேரும் போனார்கள், இங்கே ஒரு காலம் ஒருவர் இறங்கினார் என்று அவர்களுக்குத் தெரியாது.

அண்ணை சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் கீழே பார்த்தேன். குற்றியடியில் நான் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன்.

“பிள்ளை, உதிலை மணல் இல்லை” என்றார். “ஏறி வா.”