ரோஸ்மேரியின் கட்டைவிரல்

எண்ணெய் வைத்த வகிட்டில் கட்டைவிரலை ஒரு தேய், துப்பட்டாவில் ஒரு துடை, "ஆண்டவரே" என்று ஒரு முணுமுணுப்பு. அதன் பிறகுதான் ரோஸ்மேரி வருகைப்பதிவு மெஷினில் விரலை வைப்பாள். சிவப்பு எரியும். மறுபடி தேய்ப்பாள். மறுபடியும் சிவப்பு. "ஏ ரோசு, செத்த தள்ளுடி, நாங்க வச்சுட்டுப் போயிர்றோம்" என்பார்கள் பின்னால் நிற்கிற பெண்கள். சிரித்துக்கொண்டே விலகி நிற்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நமக்குத்தான் மனசு கேட்காது.

வத்தலக்குண்டில் அரசாங்கப் பணத்தில் நடக்கும் தையல் பயிற்சி அது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசம். பரீட்சையில் தேறினால் சான்றிதழ், திருப்பூர்ப் பக்கம் வேலை. எல்லாம் சரிதான், வருகை குறைந்தால் மட்டும் பரீட்சை கிடையாது. மெஷின் பச்சை காட்டினால்தான் ஆள் வந்ததாக அர்த்தம். ரோஸ்மேரி ஒரு நாள்கூட மட்டம் போட்டவள் இல்லை. மெஷினைக் கேட்டால், பாதி நாள் அவள் வரவே இல்லை என்கிறது!

சேவுகம்பட்டிக்கு வெளியே செங்கல் காளவாசல். விடிந்ததும் அம்மா மரியசெல்வியோடு போய், சுட்ட கல்லை இறக்கி அடுக்கிவிட்டு, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு பஸ் ஏறுகிறவள் அவள். சூடு ஆறாத கல் விரல் நுனியைத் தேய்த்துத் தேய்த்து, ரேகை இருந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கென்று திட்டம் போட்ட மகராசர்கள், ஏழைப் பிள்ளையின் கையை ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம்.

"இம்புட்டு நேரமா உங்க முன்னாடிதான நிக்கிறேன். கண்ணுக்குத் தெரியிறேன்ல? பெறகென்ன சார்?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

பயிற்சி மாஸ்டர் ராயப்பராஜ் நல்ல மனுஷர்தான். தலையைச் சொறிந்தார். "எனக்குத் தெரியுதும்மா. மேல உள்ளவங்களுக்கு மெஷின் சொன்னாத்தான் தெரியும். கொஞ்ச நாளு கல்லத் தொடாம இரு, ரேகை வந்துரும். இனிமே தெனமும் பச்சை விழுந்தா பரீட்சைக்கு உக்காந்துரலாம்."

வீட்டில் சொன்னாள். அம்மா கோபப்படவில்லை. "நீ நின்னுட்டா நான் ஒத்தையில எம்புட்டுத்தான் எறக்குவேன்? ஒலையில என்னத்தப் போட?" என்று கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தையல் வகுப்பில் மிஞ்சிய துண்டுத் துணியை மடித்து, கட்டைவிரலுக்கு ஓர் உறை தைத்தாள். அதை மாட்டிக்கொண்டு கல் இறக்கினாள். ஒரு வாரம் ஓடியது. ஒரு காலையில் மெஷின் பச்சை காட்டியது. தள்ளு என்றவர்களே கை தட்டினார்கள். மறுநாளும் பச்சை. அடேயப்பா, அன்றைக்கு அவள் நடையே வேறு! திருப்பூரில் விடுதி இருக்கிறதா, மாதம் ஒரு தடவை ஊருக்கு விடுவார்களா என்று மாஸ்டரைத் துளைத்தெடுத்துவிட்டாள்.

அடுத்த நாள் காளவாசலில், உறை வழுக்கி ஒரு கல் கீழே விழுந்து உடைந்தது. மேஸ்திரி முனியப்பன் வந்துவிட்டார்.

"ஏத்தா, ஒறை மாட்டி வேலை பாக்க இது என்ன ஆசுபத்திரியா? கழட்டு. இல்லன்னா ஆத்தாளும் மகளும் நாளையிலருந்து வர வேணாம்."

மரியசெல்வி தலையில் சுமையோடு அப்படியே நின்றாள். மகளைப் பார்த்தாள்.

ரோஸ்மேரி உறையைப் பல்லால் கடித்து உருவி, இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு குனிந்து, அடுத்த கல்லைக் கட்டைவிரல் அழுந்தப் பிடித்துத் தூக்கினாள்.